ஆத்துப்பாக்கத்தில் ஏறிய கொடி



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பாடவேளை என்று நினைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். சிலருக்கு இனிக்கும், சிலருக்குக் கசக்கும். இரண்டு தரப்பும் கடைசி வரை வர வேண்டும் என்பது என் ஆசை.

கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆத்துப்பாக்கம் தெரிந்த ஊர். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சியின் தலைவராக அமிர்தம் என்ற அம்மையார் வென்றார். பட்டியல் இனத்தவர். வயது அறுபதை ஒட்டி. அடுத்த ஆண்டு 2020 ஆகஸ்ட் 15 வந்தது. முறைப்படி ஊராட்சித் தலைவர் கொடியேற்ற வேண்டிய நாள். அவரை ஏற்றவிடவில்லை. செய்தி சேகரிக்கப் போன நிருபரும் மிரட்டப்பட்டார். விஷயம் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் வந்தது. மாநில மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 20 அன்று, அன்றைய மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் ஆத்துப்பாக்கத்துக்கே வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அமிர்தம் அம்மையார் கொடியை ஏற்றினார். அந்தப் படத்தை உங்களில் பலர் அப்போது எனக்கு அனுப்பினீர்கள். "நம்ம ஊர்ல நல்லது நடந்திருக்கு சார்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நல்லதுதான். ஆனால் வரலாற்றுப் பாடத்தில் நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டே: இது ஏன் அன்று நடந்தது, ஏன் அதற்கு முன்பே நடக்கவில்லை? தீண்டாமை குற்றம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1955இல். அதிலிருந்து 65 ஆண்டுகள் கழித்து, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் ஒரு கொடியை ஏற்ற ஆட்சியரும் எஸ்.பி.யும் நேரில் வர வேண்டியிருக்கிறது. சட்டம் இத்தனை நாள் எங்கே இருந்தது?

இதற்குப் பதில் தேடினால் நம் மண்ணிலேயே 130 ஆண்டு பின்னால் போக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. (திருத்தணிப் பக்கம் மட்டும் வேறு மாவட்டம். நம் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல்தான்.) அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு நீண்ட அறிக்கை ஒன்றை எழுதினார். பட்டினி, கடன், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடக்கும் வாழ்க்கை என்று கண்டதையெல்லாம் எழுதினார். அவர் சொன்ன முக்கியமான விஷயம் நிலத்தைப் பற்றியது. தரிசு நிலம் வேண்டும் என்று இவர்கள் தர்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை என்ற விதி குறுக்கே வந்து நிற்கும். குடியிருக்கும் மனையும் பெரும்பாலும் மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். பேசாமல் இருப்பதைத் தவிர அவர்களுக்கு என்ன வழி?

அவர் மட்டுமல்ல, மிஷனரிகள் சிலரும் அப்போது இதைப் பற்றி அரசிடம் முறையிட்டார்கள். அவர்களில் ஒருவர் திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் கவுடி. அவர் பெயரில் திருவள்ளூரில் பள்ளி இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் வழி திறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். அந்த நிலத்தைப் பிற சமூகத்தார் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் பின்னர் சேர்ந்தது.

நிபந்தனை தாளில் இருந்தது. நிலம் கை மாறிக்கொண்டே இருந்தது. பத்திரம் பதிகிறவரும் பட்டா மாற்றுகிறவரும் அந்த நிபந்தனையைக் கண்ணெடுத்துப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. நூறு ஆண்டு கழித்து, 1994 அக்டோபரில், அதே பழைய செங்கல்பட்டுச் சீமையில் காரணை என்ற ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். 1892இல் ஒரு கையெழுத்தில் கொடுத்ததை 1994இல் கேட்கப் போனவர்களுக்கு நேர்ந்தது அது. அரசாணையைப் போட்ட அரசு அதைக் காவல் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அடுத்த படி, பொது வழியும் பொதுக் கிணறும். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் போகலாம், வரலாம், தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசும் ஆணையிட்டது. அவரும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர், நம் பக்கத்துக்காரர்.

பிறகு 1938. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா முன்னெடுத்த மசோதா சென்னை மாகாணத்தில் சட்டமானது. சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் என்று பெயர். கிணறு, சாலை, ஊர்தி போன்ற பொது வசதிகளைச் சாதி சொல்லி மறுப்பது குற்றம், அப்படி ஒரு 'வழக்கம்' இருக்கிறது என்று யாராவது சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்கக் கூடாது என்றது அது. ஒரு செய்தி சொல்கிறேன், ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் மகிழ்வீர்கள்: எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடநூல்களும் எழுதியவர்.

அடுத்த ஆண்டே, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தார்கள். அங்கே செயல் முன்னால் போயிற்று, அதைக் காக்கிற சட்டம் பின்னால் ஓடி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டமும் செயலும் எப்போதும் ஒன்றாகப் பிறப்பதில்லை. சில நேரம் செயல் முந்தும். பெரும்பாலும் சட்டம் முன்னே வந்து, செயலுக்காகத் திண்ணையில் காத்துக்கொண்டிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் அதைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதில் தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். கொலை, தீவைப்பு, நிலப் பறிப்பு என்று நடந்த கொடுமைகளுக்கு அது போதவில்லை. ஆகவே 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995இல் அதற்கு விதிகள் வகுத்தார்கள். 2015இல் சட்டத்தை இன்னும் விரிவாக்கினார்கள்.

அந்த 2015 திருத்தத்தில் ஒரு புதுக் குற்றம் சேர்ந்தது. ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் தம் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டினாலோ தடுத்தாலோ அது வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஏன் இதைத் தனியாகச் சேர்க்க வேண்டி வந்தது?

அதற்கு முன் நம் மாநிலத்தில் நடந்தவை அப்படி. 73ஆவது திருத்தத்தால் ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கீடு வந்தது, 1996இல் தேர்தல் நடந்தது. மறு ஆண்டே, 1997 ஜூனில், மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போன்ற ஊர்களில் பத்தாண்டு காலம் தலைவர் பதவியே நிலைக்கவில்லை. மனு போட ஆள் வராது, வந்து வென்றாலும் உடனே ராஜினாமா. 2006இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் மக்களிடம் பல சுற்றுப் பேசித்தான் அது நடந்தது. சட்டம் அதே சட்டம். ஊருக்குப் போன ஆட்சியர்தான் புதிது.

இப்போது ஆத்துப்பாக்கத்துக்குத் திரும்புவோம்.

1995ஆம் ஆண்டு விதிகளில் 12ஆவது விதி ஒன்று இருக்கிறது. வன்கொடுமை நடந்த இடத்துக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போக வேண்டும், இழப்பை மதிப்பிட வேண்டும், பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. இன்னும் சில விதிகளையும் சொல்கிறேன். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் வழக்கை விசாரிக்க வேண்டும். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரு முறை கூட வேண்டும். அதிகாரி வேண்டுமென்றே கடமை தவறினால் அவருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது சட்டத்தின் 4ஆம் பிரிவு.

ஆகவே ஆட்சியர் காரில் வந்து இறங்கியதை ஊரார் ஏதோ பெரிய மனசு என்று பேசினார்கள். அந்த அம்மையாருக்குக் கிடைத்தது சலுகை அன்று. அதிகாரி நேரில் வர வேண்டும் என்பது சட்டம் எழுதியவர்களே அனுபவத்தில் கண்டு சேர்த்த கடமை. இங்கே தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கை அனுப்பினால் ஊர்க் கட்டுப்பாடு அசையாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. அமெரிக்காவில் வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி என்று பிரிப்பது செல்லாது என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று ஆண்டு கழித்து, 1957 செப்டம்பரில், லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அந்த மாகாண ஆளுநரே படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் இரு பக்கமும் நடக்க, பிள்ளைகள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். வல்லரசு நாட்டிலேயே தீர்ப்புத் தானாகப் பள்ளி வாசலைத் திறக்கவில்லை.

2020இல் ஆத்துப்பாக்கத்தோடு இது முடிந்ததா என்றால் இல்லை. இரண்டே மாதத்தில், அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. மற்றவர்களுக்கெல்லாம் நாற்காலி. அங்கும் படம் பரவிய பிறகுதான் வழக்கு, கைது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்: பட்டியல் இன ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் எந்தத் தடையும் இன்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. சுதந்திரம் அடைந்து 75 ஆண்டு நிறைவில் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது. இருந்தாலும் அதை நான் பாராட்டுகிறேன். விஷயம் தொலைக்காட்சிக்கு வந்த பிறகு ஓடுவதைவிட, வரும் முன் கேட்பது மேல்.

நம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தோக்கமூரில் சுவர் ஒன்று இருந்தது. திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டிய புறம்போக்கு நிலத்தைச் சுற்றி எழுப்பியது. தங்களைத் தடுக்கத்தான் அது என்று காலனி மக்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தார்கள், இயக்கங்கள் போராடின. 2023 அக்டோபரில் அதிகாரிகள் போலீஸ் பாதுகாப்போடு போய் இடித்தார்கள். சுவர் கட்டச் சில நாள், இடிக்க ஒரு நாள். நடுவில் போனது ஆண்டுகள். அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

கொடியும் சுவரும் கண்ணுக்குத் தெரிகின்றன, அதனால் படம் பிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் ஏராளம். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு, அதை அடைக்க முடியாமல் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்கள் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976இல் வந்ததுதான். அங்கும் இதே கதை. கோட்டாட்சியர் நேரில் போய் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால்தான் அந்தக் குடும்பம் வெளியே வரும், மறுவாழ்வு உதவி கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் வெறும் கையோடு வந்தவர்கள் மறுபடி அதே முன்பணத்துக்குத்தான் போவார்கள்.

இனி உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பக் குழுவில் இந்தப் பேச்சு வந்தாலே "அந்தச் சட்டத்தைத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று உடனே ஒரு பதில் வருகிறது. இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த ஒன்று. 2018 மார்ச் 20 அன்று நீதிமன்றம், கைதுக்கு முன் மேலதிகாரி அனுமதியும் பூர்வாங்க விசாரணையும் வேண்டும் என்ற வகையில் சில கட்டுப்பாடுகளை விதித்தது. நாடு முழுவதும் போராட்டம் எழுந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அவை தேவையில்லை என்றது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தன் முந்தைய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் அந்தத் திருத்தம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. பொய் வழக்கு எந்தச் சட்டத்திலும் வரலாம், திருட்டு வழக்கிலும் வரும். அதற்காகத் திருட்டுச் சட்டத்தை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆத்துப்பாக்கத்தில் எது தவறான பயன்பாடு என்று யோசித்துப் பாருங்கள். ஓர் அம்மா கொடிக்கயிற்றைப் பிடிக்க ஆசைப்பட்டதா?

சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சொல்வதுண்டு: "கம்பெனிக்குள்ள யாரும் சாதி கேட்கிறதில்ல சார், ஒரே கேன்டீன், ஒரே தட்டு." கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் ஒருவர் ஊரில் இறங்குகிறார், ஒருவர் காலனியில் இறங்குகிறார். கோயில் திருவிழாவில், கிராம சபையில், டீக்கடையில் அந்த இருவரும் எப்படி நடத்தப்படுகிறார்கள்? கேன்டீனில் முடிந்தது ஊரில் ஏன் முடியவில்லை? கம்பெனியில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஊரில் கேட்க வேண்டிய ஆள் நாம்தான்.

ஆகவே சில விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமை பற்றிப் புகார் சொல்ல 14566 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கி வழக்குப் பதிய மறுத்தால், எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலத் துறை இருக்கிறது. 2021இல் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமும் அமைந்தது. கண்காணிப்புக் குழு கூடியதா, என்ன முடிவெடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். இதைச் செய்யப் பாதிக்கப்பட்டவர் சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

2019இல் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அடுத்த தேர்தல் வரும்போது எந்தெந்த ஊராட்சி தனி ஊராட்சி என்ற பட்டியலும் வரும். உங்கள் ஊர் அதில் இருந்தால், புதுத் தலைவர் பதவியேற்கும் அன்று போய் நில்லுங்கள். அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா, அலுவலகச் சாவி அவர் கையில் இருக்கிறதா, காசோலையில் கையெழுத்துப் போடுவது அவரா அவர் பெயரில் வேறொருவரா என்று பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று காலை கொடிக்கம்பத்துக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் நாலு பேர் அவரோடு நின்றால், ஆட்சியர் அவ்வளவு தூரம் வர வேண்டிய வேலையே இருக்காது.

உங்கள் ஊராட்சியில் கொடியேற்றியது யார் என்பதைக் கருத்தில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், மரியாதையோடு பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்